கெண்டை மீனில் சேற்று வாடை, முள், விலைச் சரிவு: பதப்படுத்தினால் கட்டுப்படியாகுமா?

குட்டைக்கரை (திருவாரூர் மாவட்டம்) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்றரை ஏக்கர் குளத்தில் மூன்று ஆண்டுகளாகக் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றையும் 4:3:3 என்ற விகிதத்தில் விட்டு வளர்த்து வருகிறேன். தவிடும் கடலைப் பிண்ணாக்கும் சரிபாதியாகக் கலந்து தீவனமாக இடுகிறேன். மாதம் ஒரு முறை சாணம் கரைத்து விடுகிறேன். வளர்ச்சியில் குறையில்லை. ஒன்பது மாதத்தில் முக்கால் கிலோவுக்கு மேல் வந்துவிடுகிறது.

சிக்கல் அறுவடையில்தான் இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் வற்றுவதால் எங்கள் பகுதியில் எல்லாக் குளங்களிலும் ஒரே சமயத்தில் வலை இழுக்கிறோம். வியாபாரி சொல்வதுதான் விலை என்றாகிவிடுகிறது. இந்த ஆண்டு அவர் புதிதாக ஒரு காரணமும் சொன்னார்: என் குளத்து மீனில் சேற்று வாடை அடிப்பதாகவும், முள் அதிகம் என்று நகரத்தில் இளம் குடும்பத்தினர் வாங்க மறுப்பதாகவும் சொல்லி, கிலோவுக்கு இருபது ரூபாய் குறைத்துக்கொண்டார். வீட்டில் சமைத்துப் பார்த்தபோது வாடை இருப்பதை நானும் மறுக்க முடியவில்லை.

மீனை நாமே கட்லெட், ஊறுகாய் என்று பதப்படுத்தி விற்றால் என்ன என்று மனைவியும் நானும் யோசிக்கிறோம். இந்த வாடைக்கும் முள்ளுக்கும் ஆராய்ச்சியில் தீர்வு உண்டா? இது எங்களைப் போன்றவர்களுக்குக் கட்டுப்படியாகுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதன்கூடம் எழுதியது:

ஐயா, மீன் பதனத் துறை ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில் முதலில் வாடையைப் பற்றிச் சொல்கிறேன். ஏனென்றால் அது தீராமல் கட்லெட் செய்தாலும் ஊறுகாய் போட்டாலும் அந்த வாடை கூடவே வரும்.

இதைச் சேற்று வாடை என்கிறோமே தவிர, மீன் சேறு தின்பதால் இது வருவதில்லை. நீலப்பச்சைப் பாசிகளும் மண்ணில் வாழும் சில நுண்ணுயிர்களும் ஜியோஸ்மின், 2-மெத்தில் ஐசோபோர்னியால் என்ற இரு சேர்மங்களை நீரில் விடுகின்றன. மீன் அவற்றைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே உள்ளிழுத்துக் கொழுப்பில் சேர்த்து வைக்கிறது. முதல் மழை விழுந்ததும் எழும் மண் வாசனைக்குக் காரணமும் இதே ஜியோஸ்மின்தான். மிக நுண்ணிய அளவில் இருந்தாலும் நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். உடலுக்குத் தீங்கில்லை, ஆனால் வாங்குபவர் முகம் சுளிப்பார். கோடையில் தண்ணீர் குறைந்து, காற்று ஒதுக்கும் கரையில் பச்சை வண்ணம் பூசினாற்போல ஏடு படிகிறதா என்று பாருங்கள். படிந்தால் சாணத்தை உடனே நிறுத்துங்கள், தீவனத்தைக் குறையுங்கள்.

ஏறிய வாடையை இறக்கவும் முடியும். பிடித்த மீனைத் தீவனமின்றி, பாசியில்லாத தூய நீர் ஓடிக்கொண்டிருக்கும் சிமெண்ட் தொட்டியில் விட்டு வைத்தால் அது மெல்ல வெளியேறும். கொழுத்த மீனுக்கு நாள் கூடுதலாகும், வெதுவெதுப்பான நீரில் விரைவாக இறங்கும். பொதுவாக நான்கைந்து நாள் முதல் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகலாம். எடை சற்றுக் குறையும், அந்த இழப்பைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவு. குழாயை உயரத்தில் கட்டி, துளையிட்ட தகட்டின் மேல் விழச் செய்து தொட்டிக்குள் விடுங்கள். அதே குளத்துக்குள் வலைக்கூண்டு கட்டி மீனை நிறுத்துவதால் பயனேதும் இல்லை.

அமெரிக்காவின் மிசிசிப்பி, அலபாமா பகுதிகளில் கெளுத்தி பதப்படுத்தும் ஆலைகள், அறுவடைக்கு முன்பே குளத்திலிருந்து மாதிரி மீனைக் கொண்டுவரச் சொல்லி, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் வேக வைத்து முகர்ந்தும் சுவைத்தும் பார்க்கின்றன. வாடை இருந்தால் அந்தக் குளத்து மீனை அப்போது எடுப்பதில்லை. இதை நீங்கள் வீட்டிலேயே செய்யலாம். வால் பக்கத் துண்டு ஒன்றை மூடிய பாத்திரத்தில் ஆவியில் வேக வைத்து, மூடியைத் திறந்த அந்த நொடியிலேயே முகருங்கள். நம் வீடுகளில் குளத்து மீனுக்குப் புளியைக் கூடுதலாகக் கரைப்பதிலும் பொருள் இருக்கிறது: அமிலத்தில் ஜியோஸ்மின் சிதைந்து, மணமற்ற வேறொரு சேர்மமாக மாறிவிடுகிறது.

வலைவீச்சு எழுதியது:

நான் மீன் வாங்கி விற்பவன் என்பதால் கணக்கின் பக்கத்தைச் சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ரோகுவில் தலை, குடல், செதில், எலும்பு நீக்கிய பின் கிடைக்கும் தனிச் சதை, முழு மீன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பது பங்குதான். உங்கள் மீன் கிலோ 110 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ சதையின் அடக்கம் கூலி சேராமலே 275 ரூபாய் ஆகிறது. அதன் மேல் எண்ணெய், ரொட்டித் தூள், குளிர்பதனம், பொட்டலம் எல்லாம் ஏறும். நகரத்தில் தொட்டியில் உயிரோடு காட்டி விற்கும் கெண்டைக்கு இதைவிட நிம்மதியான லாபம் உண்டு. ஆகவே நல்ல மீனை உயிரோடோ ஐஸிலோ விற்றுவிட்டு, விலை படியாத சிறிய மீனையும் மிஞ்சியதையும் மட்டும் பதப்படுத்துங்கள் என்பதே என் கருத்து.

ஐஸ் விஷயத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. குளத்து மீன்தானே, சாயங்காலம் வரை தாங்கும் என்று வெயிலில் வைத்துவிடுகிறார்கள். முப்பது டிகிரி வெப்பத்தில் அரை நாளுக்குள் கெட்டுவிடும் ரோகு, மீனும் ஐஸும் சம எடையாக அடுக்கினால் இரண்டு வாரம் வரை உண்ணத் தகுந்ததாக இருக்கும்.

பதன்கூடம் எழுதியது:

வலைவீச்சு அவர்கள் சொன்ன கணக்கு நியாயமானது. ஐஸ் பற்றி ஒன்று சேர்க்கிறேன். கடல் மீன் கெடும்போது நாறுவதற்குக் காரணமான வேதிப்பொருளின் மூலம் நன்னீர்க் கெண்டையில் அநேகமாக இல்லை. ஆகவே கெண்டை கெடத் தொடங்கியதை மூக்கு தாமதமாகத்தான் சொல்லும். செவுளைத் தூக்கிப் பார்ப்பதே நம்பகமானது. சிவப்பு மங்கிப் பழுப்பாகிக் கொழகொழப்புச் சேர்ந்திருந்தால் அந்த மீனைப் பதப்படுத்தவே கூடாது.

தெருக்கோடி அக்கா எழுதியது:

தம்பி, எங்கள் சுய உதவிக் குழுவில் ஆறு பேர் நான்கு ஆண்டுகளாக மீன் கட்லெட் செய்கிறோம். முள்ளைப் பற்றி நான் சொல்கிறேன். கெண்டையின் சதைக்குள், நடு எலும்போடு ஒட்டாமல் கவை போன்று பிரிந்த நுண்முள்கள் நூறைச் சுற்றி இருக்கும். ஜிலேபி மீனிலும் பங்காசியஸிலும் இவை இல்லாததால்தான் அவற்றைத் துண்டம் போட்டு உலகெங்கும் விற்க முடிகிறது. சீனாவில் பி.எம்.பி.6 என்ற மரபணுவைச் செயலிழக்கச் செய்து நுண்முள் இல்லாத கெண்டையையே உருவாக்கியிருக்கிறார்கள் என்று பயிற்சியில் சொன்னார்கள். அது நம் குளத்துக்கு வரும் வரை கையும் கத்தியும்தான் துணை.

தொடக்கத்தில் நாங்கள் மீனைச் சுத்தம் செய்ததும் வேக வைத்து உதிர்த்தோம். சதை கருத்துப்போய், மறுநாளே காறல் அடித்தது. வயிற்றின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கருஞ்சவ்வையும் நடு எலும்பின் கீழே உறைந்திருக்கும் இரத்தத்தையும் பழைய பல் துலக்கியால் தேய்த்து எடுக்க வேண்டும் என்று ஒரு பயிற்சியாளர் அம்மா காட்டிக்கொடுத்த பிறகு சதை வெள்ளையாக வந்தது. எட்டு நிமிடம் ஆவியில் வைத்து, கை பொறுக்கும் சூட்டிலேயே உதிர்க்க வேண்டும். ஆறிவிட்டால் முள் சதையோடு ஒட்டிக்கொள்ளும். உதிர்த்ததை எவர்சில்வர் தட்டில் மெல்லியதாகப் பரப்பி விரல் நுனியால் தடவிக்கொண்டே போனால், கண்ணுக்குத் தப்பிய முள் விரலில் குத்தும். வால் பக்கத்து முள்கள் மிக மெல்லியவை, அதனால் வால் சதையை நாங்கள் கட்லெட்டில் சேர்ப்பதே இல்லை, ஊறுகாய்க்கு எடுத்துவிடுவோம். நல்லெண்ணெயில் மொறுமொறுப்பாகப் பொரித்து வினிகரில் ஊறினால் அந்த முள் இருப்பதே தெரியாது.

பொரிப்பதற்கு இன்னொரு வழி உண்டு. செக் நாட்டிலும் போலந்திலும் கிறிஸ்துமஸ் விருந்துக்குக் கெண்டைதான். ஐரோப்பாவின் அந்தப் பகுதிகளில், துண்டத்தின் சதைப்பக்கத்தில் தோல் அறுபடாமல் மூன்று நான்கு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாகக் கீறுவது வழக்கம். கீறலுக்குள் சூடான எண்ணெய் புகுந்து, துண்டுபட்ட நுண்முள் முறுகிவிடும். நாங்கள் செய்து பார்த்தோம். குழந்தைகள் முள் என்று சொல்லாமல் தின்றார்கள்.

குஞ்சு நாற்றங்கால் எழுதியது:

எல்லோரும் ஒரே மாதத்தில் வலை இழுப்பதே உங்கள் விலைச் சரிவுக்கு வேர் என்று தோன்றுகிறது. அதற்குக் குஞ்சு விடுவதிலேயே வழி இருக்கிறது. 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவின் அங்குலில் மீன்வள விஞ்ஞானிகளான ஹீராலால் சௌத்ரியும் அலிக்குஞ்ஞியும் கெண்டைகளுக்கு ஹார்மோன் ஊசி போட்டு முட்டையிட வைத்ததற்கு முன்பு, ஆற்றில் மழைக்காலத்தில் பொறுக்கிய குஞ்சைத்தான் நம்பியிருந்தோம். இன்று பண்ணைகளில் கிடைக்கும் குஞ்சை நாற்றங்காலில் நெருக்கமாக, அரை வயிற்றுத் தீவனத்தில் ஓராண்டு நிறுத்தி வைத்து, நூறு கிராம் எடையில் குளத்துக்கு மாற்றினால் அவை விட்டுப்போன வளர்ச்சியையும் ஈடுகட்டும் வேகத்தில் வளரும். ஆந்திரத்தில் இதுவே வழக்கம். நீங்கள் மே மாதத்துக்குக் காத்திராமல் ஜனவரி முதலே பெரியவற்றைப் பொறுக்கி விற்கலாம். ரோகுவில் புவனேஸ்வர் நன்னீர் மீன் வளர்ப்பு ஆய்வு நிறுவனம் நார்வே நாட்டின் உதவியோடு தேர்வு இனப்பெருக்கம் செய்து 1997இல் வெளியிட்ட ஜெயந்தி ரோகு கிடைத்தால் வாங்குங்கள். தலைமுறைக்கு ஏறத்தாழ 17 விழுக்காடு வளர்ச்சி கூடியதாக அந்நிறுவனம் பதிவு செய்துள்ளது. கலப்பில்லாத குஞ்சு தானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

குட்டைக்கரை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. தாமதமாகப் பதில் எழுதுவதற்குக் காரணம், முகரும் சோதனையைச் செய்து முடித்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்ததுதான். குளத்திலிருந்து பிடித்த அன்றே வேக வைத்த துண்டில், மூடியைத் திறந்ததும் நனைந்த மண்சுவர் போல வாடை வந்தது. மாட்டுத் தொட்டியைக் கழுவி, துளையிட்ட தகடு வைத்து, பன்னிரண்டு மீன்களை அதில் விட்டேன். மூன்றாம் நாள் வாடை குறைந்திருந்தது, ஆனால் இருந்தது. ஏழாம் நாள் என் அம்மாவிடம் எந்த மீன் என்று சொல்லாமல் இரண்டு துண்டுகளைக் கொடுத்தேன். தொட்டி மீனைச் சாப்பிட்டுவிட்டு, ‘இது ஆத்து மீனா?’ என்று கேட்டார். பன்னிரண்டும் சேர்ந்து அறுநூறு கிராம் எடை குறைந்தன. தொட்டியைப் பெரிதாக்கிக் கட்டச் செங்கல் இறக்கியிருக்கிறேன். தெருக்கோடி அக்கா, ஊறுகாய்க்கு வினிகர் எவ்வளவு சேர்க்கிறீர்கள் என்பதையும் எழுதினால் உதவியாக இருக்கும்.