பாலைவனச் சோலை ஊர்களின் மண்வீடுகளும் எங்கள் வீட்டு மண்சுவரும்

கேள்வி (அணைக்கட்டு):
தாத்தா கட்டிய மண்சுவர் வீட்டை இடித்துக் கான்கிரீட் வீடு கட்டலாம் என்கிறார்கள். வேலூரின் அக்கினி நட்சத்திர வெயிலிலும் அதன் கூடம் குளிர்ந்திருப்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. பாலைவனச் சோலை ஊர்களில் இத்தகைய வீடுகள் என்ன ஆயின?

பதில் (குடியாத்தம்):
லிபியாவின் கதாமிஸ் நகரில் கீழ்த்தளம் பொருள்களுக்கும், மேல்தளம் குடும்பத்துக்கும், ஒன்றோடொன்று இணைந்த மொட்டைமாடிகள் பெண்களின் நடமாட்டத்துக்கும் என வகுத்து, தெருக்களையே கூரையிட்டு மூடியிருந்தார்கள். அந்தப் பழைய நகர் 1986இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. குழாய்நீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் மக்கள் புதிய குடியிருப்புக்குப் பெயர்ந்தாலும், கோடையில் பழைய வீட்டை நாடுவோர் உண்டு. வசதியைத் தேடியதைக் குறைகூற முடியாது, ஐயா.

பதில் (ஆம்பூர், கட்டுமானப் பணி):
மண்ணுக்குப் பகை நீர்தான். எகிப்தின் சீவாவில் உப்புக்கட்டிகளும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிய ஷாலி கோட்டையூர், 1926இல் மூன்று நாள் பெய்த மழையில் கரைந்து சிதைந்தது. நமக்கோ ஐப்பசி தோறும் அடைமழை. ஆகவே அகன்ற தாழ்வாரமும், உயர்ந்த கருங்கல் அடித்தளமும் இன்றியமையாதவை. மண்சுவரின் மேல் சிமெண்டு பூசியிருந்தால் விரலால் தட்டிப் பாருங்கள். வெற்றொலி கேட்டால் உள்ளே ஈரம் சிக்கிப் பூச்சு விலகியிருக்கக்கூடும். அதை நீக்கிச் சுண்ணாம்பு பூசுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி, ஐயா. தட்டிப் பார்த்தேன்; சமையலறைச் சுவரில் மட்டும் அவ்வொலி கேட்கிறது. இடிக்கும் பேச்சைத் தை மாதம்வரை தள்ளிவைத்திருக்கிறோம்.