புதிய லிஃப்ட்டுக்கு எடை ஏற்றிப் பார்க்கும் சோதனை அவசியமா?

கேள்வி: வணக்கம். எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் எட்டுப் பேருக்கான லிஃப்ட் பொருத்தி முடித்திருக்கிறார்கள். காலியாக நான்கு முறை ஏற்றி இறக்கிக் காட்டிவிட்டு, ஒப்படைப்புக் கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். இது போதுமா?

பதில் 1: போதாது, ஐயா. தலைக்கு 68 கிலோ வீதம் எட்டுப் பேருக்கு 544 கிலோ. அதன் 125 சதவீதமான 680 கிலோவை எடைக்கற்களாக ஏற்றி, முழு வேகத்தில் இறங்கும்போது மின்சாரத்தைத் துண்டித்தால், பிரேக் மட்டுமே கூண்டை நிறுத்திக் காட்ட வேண்டும். மிகைவேகத்தைத் தடுக்கும் கருவியை இயக்கி, கூண்டோடு இணைந்த பாதுகாப்புப் பிடிகள் வழித்தண்டவாளத்தைக் கவ்வுகின்றனவா என்றும் பாருங்கள். கவ்விய இடத்தில் பளபளவென்று கீறல் விழுந்திருக்கும். அதைக் கண்ணால் பார்க்காமல் நான் எந்தத் தாளிலும் கையெழுத்திட்டதில்லை.

பதில் 2: தமிழ்நாடு என்றால், 1997ஆம் ஆண்டின் லிஃப்ட் சட்டப்படி உரிமம் பெறாமல் இயக்கவே கூடாது. கதவுப் பூட்டையும் மாடி மாடியாகச் சோதியுங்கள்; கூண்டு வந்து நிற்காத தளத்தில் வெளிக்கதவு கைக்குத் திறந்துகொள்வதுதான், என்னைக் கேட்டால், குழந்தைகள் உள்ள வீடுகளுக்குப் பெரிய ஆபத்து.

கேட்டவர்: மிக்க நன்றி. எடைக்கற்கள் வந்து இறங்கும்வரை கையெழுத்திட மாட்டேன்.