ப்ளூஸ் பிறந்தது மிசிசிப்பி டெல்டாவிலா?

ஆறாம்தந்தி:
நேற்று இரவு டெல்டா ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனை வரிசையாகக் கேட்டேன். மொத்தம் 29 பாட்டுதான். 1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டல்லஸிலும் பதிவானவை. மறுவருடமே 27 வயதில் போய்விட்டார். ஒற்றைக் கிட்டாரில் கட்டைவிரல் தாளம் போட, மேல்தந்தி பாட்டுக்குப் பதில் சொல்கிறது. மிசிசிப்பி ஆற்றுக்கும் யாசூ ஆற்றுக்கும் நடுவில் டெல்டா என்று சொல்லும் அந்தப் பருத்திக் காட்டில்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசை பிறந்தது, ராக் இசைக்கும் அதுதான் வேர் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் பேசலாம்.

பழையதட்டு:
நான் மறுக்கிறேன். பாடகி மேமி ஸ்மித் நியூயார்க்கில் 'கிரேசி ப்ளூஸ்' பாடியது 1920. மா ரெய்னியும் பெஸ்ஸி ஸ்மித்தும் 1923-ல் பதிவுக்கு வந்துவிட்டார்கள். டெல்டாவின் சார்லி பேட்டன் வந்ததோ 1929-ல். அன்றைக்குக் கறுப்பின மக்கள் வீட்டில் ப்ளூஸ் என்றால் இந்தப் பெண்களின் குரல்தான். ஜான்சன் இருந்தவரை ஓரளவு விற்றது 'டெராப்ளேன் ப்ளூஸ்' ஒன்றே. 1961-ல் கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனி அவரை 'டெல்டா ப்ளூஸ் பாடகர்களின் ராஜா' என்று தலைப்புப் போட்டு எல்.பி. வெளியிட்ட பிறகு, அதைக் கேட்ட வெள்ளைக்கார இளைஞர்கள் சூட்டிய கிரீடம் இது. ஜான்சன் நாற்சந்தியில் பிசாசுக்கு ஆத்மாவை விற்றதாகச் சொல்லும் கதைகூட முதலில் டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றி அவர் உடன்பிறந்தவர் சொன்னது.

ஆறாம்தந்தி:
பிசாசுக் கதையை நானும் நம்பவில்லை, அதை விடுங்கள். ஆனால் ரெக்கார்டு தேதியை வைத்துப் பிறந்தநாள் குறிக்க முடியாது. 1903 வாக்கில் டெல்டாவின் டட்வைலர் ரயில் நிலையத்தில் தூங்கி விழித்தபோது, பக்கத்தில் கந்தல் உடையில் ஒருவர் தந்திமேல் கத்தியை வைத்து அழுத்திக் கிட்டார் வாசித்ததாக இசையமைப்பாளர் டபிள்யூ.சி. ஹேண்டி சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அதே டெல்டாவின் டாக்கரி தோட்டத்தில் பேட்டனுக்கு வழிகாட்டிய ஹென்றி ஸ்லோன் பாடி ஒரு இசைத்தட்டுகூட இல்லை. தட்டு இல்லை என்பதற்காக அவர் பாட்டும் இல்லை என்றாகிவிடுமா?

பழையதட்டு:
ஆகாதுதான். ஆனால் அதே நியாயம் மற்ற ஊர்களுக்கும் உண்டு. 1902-ல் மிசௌரியில் நிகழ்ச்சிக் கூடாரத்துக்கு வந்த ஒரு பெண், தன்னை விட்டுப் போனவனைப் பற்றிப் பாடியதைக் கேட்டுத்தான் இந்தப் பாட்டைத் தெரிந்துகொண்டதாக மா ரெய்னி சொல்லியிருக்கிறார். மிசௌரியில் நடந்ததை டெல்டா கணக்கில் எழுத முடியாது. அப்புறம், உங்கள் ஜான்சனே தட்டு கேட்டுப் படித்தவர். அவருடைய 'ஸ்வீட் ஹோம் சிகாகோ' கொக்கோமோ ஆர்னால்ட் என்ற பாடகரின் பாட்டு ஒன்றிலிருந்து எடுத்தது.

கரிசல்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இரண்டு பேரும் சுவரை மறந்துவிட்டீர்கள். விளக்குமாறு கட்டியிருக்கும் கம்பியைப் பிரித்து, வீட்டுப் பலகைச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, விறைப்பு ஏறும்வரை அடியில் பாட்டிலைச் செருகுவார்கள். ஒரு கை தட்டும், மறு கை இன்னொரு பாட்டிலைக் கம்பிமேல் வழுக்கும். வீடே அதிரும். இதற்கு டிட்லி போ என்று பெயர். தென்மாநிலச் சிறுவர்கள் பலருக்குக் கை பழகியது இதில்தான். ஆப்பிரிக்காவின் ஒற்றைத்தந்திக் கருவிகளின் வழியில் வந்தது என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம், அந்தக் கத்தி வாசிப்பை ஹேண்டியே ஹவாய் கிட்டார்காரர்களோடுதான் ஒப்பிட்டார். இத்தனையும் வந்து கலந்த இசைக்கு ஒரே ஊரைப் பிறப்பிடமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆறாம்தந்தி:
சரி, 'பிறப்பிடம்' என்ற சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். செல்வாக்கை விடமாட்டேன். ப்ளூஸ் பாடகர் ஹவ்லின் வுல்ஃப் பேட்டனிடம் கற்றவர். இன்னொரு பாடகர் மடி வாட்டர்ஸுக்கு முன்மாதிரி டெல்டாவின் சன் ஹவுஸ். ஸ்டோவல் தோட்டத்தில் வேலை பார்த்த மடியை 1941-ல் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் வந்து பதிவு செய்தார். 1943-ல் மடி சிகாகோவுக்கு ரயில் ஏறினார். அங்கே மின்சாரக் கிட்டாரில் டெல்டா வாசிப்பையே ஓங்கி வாசித்தார். 1950-ல் அவர் பாடிய பாட்டின் பெயரைத்தான் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழுவினர் வைத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தட்டுகளை முதலில் காசு கொடுத்து வாங்கியவர்கள் தெற்கிலிருந்து பிழைக்க வந்த கறுப்பினத் தொழிலாளர்கள். இதை வெள்ளைக்காரர் கட்டிய கதை என்று சொன்னால் அவர்கள் காதை அவமதிப்பதாகும்.

பழையதட்டு:
இது நல்ல அடி. ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் ஜான்சனை இறக்கிவிட்டுப் பேட்டனை உட்காரவையுங்கள். 1929 கடைசியில் பதிவான 'ஹை வாட்டர் எவ்ரிவேர்' கேளுங்கள். 1927 மிசிசிப்பி வெள்ளத்தைப் பற்றியது, தட்டின் இரு பக்கமும் ஓடும். அதை வெளியிட்ட பாராமவுண்ட் ஒரு நாற்காலிக் கம்பெனியின் கிளை, தட்டும் மட்டம்தான். அந்தக் கரகரப்புக்குள் பேட்டன் கிட்டார் பெட்டியை அறைந்துகொண்டே கிரீன்வில், லேலண்ட், விக்ஸ்பர்க் என்று ஊர் ஊராகத் தண்ணீரோடு போகிறார். மேட்டுப் பக்கம் போகலாம் என்றால் தன்னை அங்கே விடவில்லை என்கிறார். கிரீன்வில்லில் கறுப்பின மக்களை ஆற்றுக் கரைமேல் முகாமில் வைத்து, வெளியேற விடாமல் வேலை வாங்கிய வெள்ளம் அது.

ஆறாம்தந்தி:
இரண்டு பக்கமும் கேட்டேன். முதல் தடவை சொற்கள் பிடிபடவில்லை, கிட்டார் பெட்டியை அறையும் ஓசை மட்டும் நெஞ்சில் விழுந்தது. மூன்றாம் தடவைதான் 'லேலண்ட்' காதில் விழுந்தது. ஜான்சனை இறக்க இன்னும் மனசில்லை. சன் ஹவுஸின் 1930 பதிவுகளையும் கேட்டுவிட்டு வருகிறேன்.