மடிக்கணினியை ஆம்பில் இணைத்தபோது கேட்ட இரண்டாவது தம்புரா

தேவனாம்பட்டினத்தான்:
சேமித்து வைத்திருந்த மார்கழிக் கச்சேரிப் பதிவை மடிக்கணினியிலிருந்து ஒலியைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அப்பாவின் பழைய ஆம்புக்குக் கொடுத்தேன். ஒயர் புதியது, இப்படிப்பட்ட கருவிகளுக்கான ஆக்ஸ் துளையில்தான் செருகியிருந்தேன். பாடகி ஐந்து கட்டை சுருதியில் ஆலாபனையைத் தொடங்கியதும், கண்களை மூடியிருந்த அப்பா, "இன்னொரு தம்புரா கேட்கிறதே, சுருதி சற்று ஏறியிருக்கிறது" என்றார். அது தம்புரா அன்று. ஐந்து கட்டையின் கீழ் ஷட்ஜம், அதாவது கீழ் ஸ, 98 ஹெர்ட்ஸ். நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ், இருமடங்காகி 100 ஹெர்ட்ஸில் ஸ்பீக்கரில் ரீங்கரித்து, அந்த ஷட்ஜத்தோடு மோதி வினாடிக்கு இரண்டு முறை அலையடித்தது. சார்ஜரைப் பிடுங்கினேன், இரண்டாவது தம்புரா நின்றது. ஆனால் பேட்டரி, கச்சேரியின் பின்பாதியில் மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனியாவர்த்தனம் வரை தாங்குவதில்லை.

முத்தியால்பேட்டை வாசி:
எனக்கும் அதே ரீங்காரம் வந்தது. சார்ஜர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றினேன், அடங்கிவிட்டது. அதைவிட மறக்க முடியாதது முதல் நாள்தான். ஞாயிறு சந்தையில் வாங்கிய ஆம்பில் போனோ என்றிருந்த துளை காலியாக இருக்கவே, அதில் செருகிவிட்டேன். இசைத்தட்டு ஊசி தரும் சில மில்லிவோல்ட்டை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்கி, கீழ்ச்சுரங்களை மேலும் தூக்கிக் கொடுக்கும் துளை அது என்பது அப்போது எனக்குத் தெரியாது. மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழுந்த முதல் அடிக்கே அலமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. பாட்டி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

மஞ்சக்குப்பம்:
எர்த் பின்னைக் கழற்றியதை இங்கே ஒரு தீர்வாக எழுதியிருப்பது தவறு. சார்ஜருக்குள் கசிவு ஏற்பட்டால், அந்த மின்சாரம் ஆடியோ ஒயர் வழியாக ஆம்பின் உலோகப் பெட்டி வரை வரும். தொடுபவர் கைதான் எர்த். என் அனுபவம் சிறியது: கடற்காற்றில் ஆடியோ ஒயரின் ஆர்சிஏ முனை பச்சை பூத்து, ஒரு பக்க ஸ்பீக்கர் ஊமையானது, அவ்வளவே. தேவனாம்பட்டினத்தாருக்குச் சொல்கிறேன்: டிவியின் ஒலியும் அதே ஆம்புக்குத்தான் போகிறதா? அப்படியானால் சார்ஜர் ஒரு எர்த்தையும் கேபிள் டிவி ஒயரின் வெளிப்பின்னல் வேறொரு எர்த்தையும் கொண்டுவந்து, இடையிலுள்ள ஆடியோ ஒயரில் மின்னோட்டத்தைச் சுழலவிடும். செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டிவி ஒயரைக் கழற்றிப் பாருங்கள். இத்துடன், கணினியின் ஒலியளவை முழுதாக வைத்து, கூட்டிக் குறைப்பதை ஆம்பில் செய்யுங்கள். சிடியிலிருந்து எடுத்த பாடல்களில் ஒலியின் மாதிரிகள் வினாடிக்கு 44,100, அதாவது 44,100 ஹெர்ட்ஸ். விண்டோஸில் 48,000 என்றிருந்தால் அது ஒவ்வொரு மாதிரியையும் மறுபடி கணக்கிடும், ஆகவே அதை 44,100 என்று மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினியின் எண்களை வெளியே வைத்து ஒலியலையாக மாற்றித் தரும் ஒரு யுஎஸ்பி டிஏசி வாங்கிவிடுங்கள்.

தேவனாம்பட்டினத்தான்:
டிஏசி பற்றி நான் கேட்கவே இல்லை. யுஎஸ்பி ஒயருக்குள்ளும் உலோகம்தானே ஓடுகிறது. சார்ஜரின் எர்த் அதன் வழியாகவும் ஆம்பை எட்டும். ஒளியாகவே ஒலியைக் கடத்தும் ஆப்டிகல் ஒயரில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அப்பாவின் ஆம்பில் அதற்குத் துளை கிடையாது. மற்றபடி நீங்கள் சொன்ன காரணம் சரிதான். கேபிள் ஒயரைக் கழற்றினேன். சார்ஜர் செருகியிருந்தும் ஒரே தம்புராதான் ஒலித்தது. இப்போது அம்மாவின் தொடர் தொடங்குவதற்குள் கச்சேரி முடிந்தாக வேண்டியிருக்கிறது.