மறுமொழி: 'பயனெளிமை' என்ற சொல்லுக்கு மாற்றாகப் 'பயன்தகவு'

அன்புடையீர், வணக்கம்.

இணையவழிப் பள்ளியின் மீள்வடிவமைக்கப்பட்ட பாடநெறிப் பட்டியலைப் பற்றிய அறிக்கைக்கு உரிய சொற்களைத் தேடும்போது, 'usability' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குழுமத்தில் 'பயனெளிமை' என்பதற்கே பெரும்பாலோர் இசைவு தெரிவித்துள்ளனர். அது சுருக்கமானது, செவிக்கும் இனியது. ஆயினும், அறிக்கைக்கு உரிய அந்தப் பட்டியலிலேயே வைத்துப் பார்க்கும்போது சொல் பொருந்தவில்லை என்பது என் கருத்து.

பழைய பட்டியல் தரவாரியாகவும் பாடவாரியாகவும் நீண்டு சென்ற ஒற்றைப் பக்கம். அழகென்று சொல்ல அதில் எதுவும் இல்லை. புதியதில் பெரிய படங்களுடன் கூடிய அட்டைகளும் மேலே ஒரு தேடற்பெட்டியும் உள்ளன. வடிகட்டிகள் (filters) ஒரு சிறு குறிக்குள் ஒடுங்கியிருக்கின்றன. எளிமை என்ற அளவுகோலை மட்டும் கொண்டு பார்ப்பவர் இதற்கு முழுப்புள்ளி வழங்குவார். ஆனால் இலங்கையின் கல்முனையிலோ அக்கரைப்பற்றிலோ உயர்தரம் கற்கும் மாணவி ஒருவர் 'இரசாயனவியல்' என்று தட்டெழுதினால், பட்டியல் 'வேதியியல்' என்ற பெயரை மட்டுமே அறிந்திருப்பதால், முடிவுகள் எவையும் இல்லை என்ற பதிலே வருகிறது. 'இயற்பியல்' என்பதைப் 'பௌதிகவியல்' என்று தேடுபவருக்கும் இதே நிலைதான். 'தொழினுட்பம்' என்று நம் பாடநூல் வழக்கில் எழுதினாலும் 'தொழில்நுட்பம்' அகப்படுவதில்லை. இதைவிடப் பெரிய சிக்கல் வகுப்பு வடிகட்டியில் இருக்கிறது. தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி 11, 12 ஆம் வகுப்புகள். இலங்கையில் உயர்தரம் என்பது தரம் 12, 13. ஆகவே உயர்தரத்தின் முதலாம் ஆண்டில் இருக்கும் மாணவி, வடிகட்டியில் 12 ஐத் தெரிவு செய்து, எந்தத் தடுமாற்றமும் இல்லாமல் இறுதியாண்டுப் பாடநெறியில் போய்ச் சேர்கிறார். தவறான இடத்துக்கு எளிதாகப் போய்ச் சேர்வதையும் 'பயனெளிமை' என்று அழைக்க வேண்டிய நிலை இங்கே வருகிறது.

(இரு நாடுகளின் பாடப்பெயர்களையும் ஒன்றாக்கிவிட்டால் போதும் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். இலங்கையின் காரைதீவில் பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். இரு கரையினரும் ஒன்றாக அமர்ந்து சொல் தேடுவது நமக்குப் புதிதன்று. எனினும் தேடற்பெட்டி அந்த இணக்கத்துக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. இரண்டு பெயர்களையும் ஒரே பாடநெறியுடன் இணைத்துவைத்தால் போதும்.)

பன்னாட்டுத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வின் 9241 ஆம் நியமத்தின் 11 ஆம் பகுதி இக்கருத்தை வரையறுக்கும்போது எளிமையை முன்னிறுத்தவில்லை. குறித்த பயனர்கள், குறித்த நோக்கங்களை, குறித்த சூழலில், விளைதிறனுடனும் (effectiveness) வினைத்திறனுடனும் (efficiency) திருப்தியுடனும் எந்த அளவுக்கு அடைய முடிகிறது என்பதையே அது கேட்கிறது. இத்துறை ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 1993 இல் பிரித்துக் காட்டிய ஐந்து கூறுகளிலும், கற்றுக்கொள்வதற்கு எளிதாயிருத்தல் என்பது ஒன்று மட்டுமே. மற்றவை வினைத்திறன், நினைவில் நிற்றல், வழுக்கள் குறைந்திருத்தல், மனநிறைவு.

'பயன்பாட்டுத்திறன்' என்ற முன்மொழிவிலும் எனக்குத் தயக்கம் உண்டு. விளைதிறன், வினைத்திறன் என்பவை இலங்கையில் வணிகக் கல்வி மாணவர்களுக்கும் பழகிய சொற்கள். இவ்விரண்டையும் உள்ளடக்கும் பெரிய கருத்துக்கும் மூன்றாவதாக ஒரு 'திறன்' சேர்ந்தால், ஒரே பந்தியில் மூன்றையும் வைத்து எழுதுபவர் திண்டாடுவார். மேலும், உயர்தரப் பொருளியலில் 'பயன்பாடு' என்பது வேறொரு கருத்துக்கு (utility) ஏற்கெனவே ஒதுக்கப்பட்டுவிட்டது. 'பயன்படுதகைமை' அழகான சொல்தான். ஆனால் தகைமை என்றால் இலங்கையில் கல்வித் தகைமை (தகுதி) என்றே கொள்வார்கள், அதுவும் பாடநெறிப் பட்டியலில் அனுமதித் தகைமை என்ற தலைப்பே இருக்கிறது.

'பயன்படுதன்மை' என்பதை ஏற்கலாம் என்று முதலில் தோன்றும். ஆனால் தன்மை என்பது பொருளுக்குள்ளேயே உறைவது. மீள்தன்மை இறப்பருக்கு உரியது, அதை யார் இழுத்தாலும் அது அங்கேயே இருக்கும். பட்டியல் அப்படிப்பட்டதன்று. அதே பக்கம் மதுரை மாணவருக்கு நன்றாக உதவி, மட்டக்களப்பு மாணவருக்கு உதவாமல் போகிறது. 'தகவு' என்ற சொல்லோ பொருத்தத்தைக் குறிப்பது. யாருக்குத் தகவு, எதற்குத் தகவு, எந்தச் சூழலில் தகவு என்ற வினாக்களைத் தானே எழுப்புவது. நியமம் 'குறித்த' என்று மும்முறை வலியுறுத்துவதும் இதையே. எனவே 'பயன்தகவு' என்பதை முன்மொழிகிறேன். பயனர் என்ற சொல்லுடனும் அது உறவு கொண்டாடும்.

இதற்கும் குறைகள் உண்டு. விகிதம் என்ற பொருளிலும் தகவு வழங்குகிறது. விரைந்து வாசிப்பவர் 'தகவல்' என்று பிழையாகக் கொள்ளவும் இடமுண்டு. புணர்ச்சி விதியை இறுக்கிப் பிடித்தால் 'பயற்றகவு' என்றாகிப் பயறு நினைவுக்கு வரும். பயன்பாடு 'பயற்பாடு' ஆகாதது போல் இதையும் இயல்பாகவே விட்டுவிடலாம். முதற்குறை மட்டும் எனக்குச் சற்று உறுத்துகிறது. எனினும் பயன்தகவுச் சோதனை, பயன்தகவுக் குறைபாடு, பயன்தகு வடிவமைப்பு என்று கிளைச்சொற்கள் இடர்ப்பாடின்றி அமைகின்றன.

விளைதிறன், வினைத்திறன் ஆகியவை தமிழ்நாட்டு வாசகருக்குப் பழகாதவையாக இருக்கலாம் என்பதால், அறிக்கையில் அவை முதன்முறை வரும் இடத்தில் ஒவ்வொரு வரி விளக்கம் சேர்க்க வேண்டும். 'வடிகட்டி' என்ற சொல்லில் எனக்கு மறுப்பில்லை.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து ஓர் உறுப்பினர்