புதுப்பிப்பு: மெக்னீசியம் ஆக்சைடின் கலப்பெண் பட்டைகளில் எந்தக் கோட்டைப் பார்ப்பது?

இரும்பு அடுக்குகளுக்கு நடுவே மின்காப்பாக நிற்கும் மெக்னீசியம் ஆக்சைடின் (001) திசைக் கலப்பெண் பட்டைகளை (அலை எண்ணுக்குக் கற்பனைப் பகுதியும் இருக்கலாம் என்று கொண்டு வரையும் ஆற்றல் வளைவுகளை), குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற கணக்கீட்டு மென்பொருளின் பிடபிள்யூகாண்ட் நிரலில் வரைந்தபோது, எலக்ட்ரான்கள் இயல்பாக இருக்க முடியாத ஆற்றல் இடைவெளிக்குள் பல கோடுகள் வந்தன. அவற்றுள் டன்னலிங்கை, அதாவது எலக்ட்ரான்கள் மின்காப்பை ஊடுருவிக் கடப்பதைத் தீர்மானிப்பது எது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது தெளிவு கிடைத்திருக்கிறது.

அலை எண்ணின் கற்பனைப் பகுதியைக் காப்பா என்று கொண்டால், கடத்தும் நிகழ்தகவு தடிமனுடன் 2 காப்பா என்ற வீதத்தில் அடுக்குக்குறியாகத் தேய்கிறது. ஆகவே ஃபெர்மி ஆற்றலில் (இரும்பில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றலில்) கிடைமட்டக் கோடு ஒன்றை வரைந்து, அது வெட்டும் கோடுகளில் மிகச் சிறிய காப்பாவை உடையதைப் பார்த்தால் போதும். காமா புள்ளியில், அதாவது எலக்ட்ரான் அடுக்குகளுக்குச் செங்குத்தாகச் செல்லும்போது, அது டெல்டா-1 சமச்சீர் (அந்தத் திசையைச் சுற்றிக் கால் சுற்று சுழற்றினாலும் மாறாத அலை வடிவம்) கொண்டது. எலக்ட்ரான்கள் நிரம்பிய இணைதிறன் பட்டையின் உச்சியில் சுழியில் தொடங்கி, இடைவெளியின் நடுவில் புடைத்து, காலியான கடத்து பட்டையின் அடியில் மீண்டும் சுழியைத் தொடும் வளைவு அதுவே. இரும்பிலோ டெல்டா-1 பட்டை பெரும்பான்மைச் சுழற்சி (ஸ்பின்) கொண்ட எலக்ட்ரான்களுக்கு மட்டுமே ஃபெர்மி ஆற்றலைக் கடக்கிறது. 2001இல் கோட்பாடு முன்கூறி, 2004இல் சோதனைகள் காட்டிய பெரிய காந்தமின்தடை மாற்றத்துக்கு (இரு இரும்பு அடுக்குகளின் காந்தத் திசைகள் ஒன்றாக இருக்கும்போதும் எதிராக இருக்கும்போதும் மின்தடையில் வரும் வேறுபாட்டுக்கு) வேர் இங்கேதான் இருக்கிறது.

எண்களை மட்டும் அப்படியே நம்ப வேண்டாம். சோதனையில் சுமார் 7.8 எலக்ட்ரான் வோல்ட்டாக உள்ள இடைவெளியை ஜிஜிஏ என்ற தோராயக் கணக்கு முறை 5க்கும் கீழே காட்டுவதால், காப்பாவும் பொதுவாகக் குறைவாகவே வரும். ஃபெர்மி ஆற்றலின் இடத்தையும் தனி மெக்னீசியம் ஆக்சைடு கணக்கிலிருந்து எடுக்காமல், இரும்புடன் சேர்ந்த இடைமுகக் கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும்.