அவசர உதவி: என்3 ஹைவேல கல் அடிச்சு முன்கண்ணாடி விரிசல், இன்ஷூரன்ஸ்ல போடலாமா?

லெனேசியா மணி | திங்கள், இரவு 9:40
எல்லாருக்கும் வணக்கம். ஈஸ்டருக்கு டர்பன் பக்கத்துல இருக்கிற இசிபிங்கோ மாரியம்மன் கோயிலுக்குப் போயிட்டு இப்பத்தான் வீடு வந்து சேர்ந்தோம். வில்லியர்ஸ் தாண்டினதும் முன்னால போன லாரிப் பக்கமிருந்து கல் ஒண்ணு பறந்து வந்து கண்ணாடியில டப்புன்னு அடிச்சுது. பின் சீட்டுல தூங்கிட்டிருந்த சின்னவ அலறி எழுந்துட்டா. விரிசல் விட்டிருக்கு. இன்ஷூரன்ஸ் இருக்கு. கிளெய்ம் போட்டா பிரீமியம் ஏறுமா, இல்ல கைக்காசு போட்டு மாத்திடலாமா? காலையில 5 மணிக்கு வேலைக்குக் கிளம்பணும். தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

சென்டூரியன் கவிதா | 9:52
மணி அண்ணா, குழந்தைக்கு ஒண்ணும் ஆகலையே? என்ன வண்டி, எந்த வருஷம்? விரிசல் எவ்வளவு நீளம், டிரைவர் பக்கமா அந்தப் பக்கமா? பாலிசி காம்ப்ரிஹென்சிவா (நம்ம வண்டிச் சேதத்துக்கும் சேர்த்து), தேர்ட் பார்ட்டி மட்டுமா? தேர்ட் பார்ட்டி, தீ, திருட்டு மட்டும்னா உங்க கண்ணாடிக்கு அதுல பொதுவா எதுவும் கிடைக்காது. இதெல்லாம் தெரியாம என்ன சொல்றது? ஒரு போட்டோ போடுங்க.

பீனிக்ஸ் தனா | 10:05
தம்பி, இன்ஷூரன்ஸ்காரனுக்குப் போனே போடாதீங்க. வீட்டுல நிறமில்லாத நெயில் பாலிஷ் இருக்கும், அடிபட்ட இடத்துல ரெண்டு சொட்டு விட்டுக் காய விடுங்க. என் பக்கியில (பிக்கப் வண்டி) அப்படித்தான் செஞ்சேன், ரெண்டு வருஷம் அப்படியே நின்னுச்சு.

பானல்பீட்டர் ரவி | 10:11
தனா அண்ணே, கோவிச்சுக்காதீங்க, அதை மட்டும் செய்யச் சொல்லாதீங்க. முன்கண்ணாடிங்கிறது ரெண்டு கண்ணாடித் தகடு, நடுவுல பிளாஸ்டிக் படலம். கல் பட்டா பெரும்பாலும் வெளித்தகடு மட்டும்தான் உடையும். எங்க பட்டறையில நாங்க அந்தக் குழியில காத்தை உறிஞ்சிட்டு ரெசினை உள்ளே செலுத்தி, யூவி விளக்கு வெச்சு இறுக வைப்போம். நெயில் பாலிஷோ சூப்பர் குளூவோ ஏற்கெனவே போய் அடைச்சுட்டா ரெசின் உள்ளே இறங்காது. ரிப்பேர்ல முடியவேண்டியது முழுக் கண்ணாடியா மாறிடும். மணி, இப்போதைக்கு ஒரு துண்டு செலோடேப் ஒட்டி, தண்ணியும் தூசியும் போகாம பாத்துக்கோங்க. அது போதும்.

மிட்ராண்ட் செல்வா | 10:20
நம்ம காசு எதுக்குப் போகணும்? பெட்ரோல் அடிக்கும்போதெல்லாம் ரோட் ஆக்சிடென்ட் ஃபண்டுக்குக் கட்டிட்டுத்தானே இருக்கோம், அதுல வாங்குங்க. இல்லன்னா லாரி கம்பெனியைப் பிடிங்க. நம்பர் நோட் பண்ணீங்களா?

பழைய புரோக்கர் | 10:48
இருபது வருஷம் இந்தத் தொழில்ல இருந்தவன் சொல்றேன், கேட்டுக்கோங்க. ரோட் ஆக்சிடென்ட் ஃபண்ட் உடம்புக்கு ஏற்படும் காயத்துக்கும் உயிரிழப்புக்கும்தான். வண்டிச் சேதத்துக்கு ஒரு சதம் தராது. இந்த அடிப்படையே தெரியாம ஆலோசனை சொல்ல வரக்கூடாது. லாரிக்காரர் மேல போகணும்னா அவருடைய கவனக்குறைவை நீங்க நிரூபிக்கணும். மூடாத ஜல்லி லோடுல இருந்து விழுந்ததுன்னா, நம்பரும் டேஷ்கேம் படமும் இருந்தா, பேச இடம் இருக்கு. ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டுல 20,000 ராண்ட் வரைக்கும் வக்கீல் இல்லாமலே கேட்கலாம். ரோட்டுல கிடந்த கல் டயர்ல பட்டுத் தெறிச்சதுன்னா வேலைக்கு ஆகாது. மணிக்கு ஒரு கேள்வி: பாலிசியைக் கையெழுத்துப் போட்ட அன்னைக்காவது படிச்சீங்களா? எக்செஸ், அதாவது கிளெய்ம்ல நம்ம கையில இருந்து போற பங்கு, அதைப் போட்டிருக்கிற பக்கத்துல கண்ணாடிக்குன்னு தனியா ஒரு வரி எழுதியிருக்கும்.

லெனேசியா மணி | செவ்வாய், காலை 5:35
படுக்கப் போயிட்டேன், மன்னிச்சுக்கோங்க. ராத்திரி கட்டை விரல் நகம் அளவு நட்சத்திரம் மாதிரிதான் இருந்துச்சு. காலையில கண்ணாடியெல்லாம் பனி மூடி இருந்துச்சுன்னு ஹீட்டரை முழுசா வெச்சேன். என் கண்ணு முன்னாடியே அந்த நட்சத்திரத்துல இருந்து ஒரு கோடு கிளம்பி ஸ்டீயரிங் பக்கமா ஊர்ந்து வருது. இப்ப ஒரு சாண் இருக்கும். வண்டியை எடுக்கல, டாக்சியிலதான் போறேன். வண்டி 2022 டொயோட்டா கொரோலா கிராஸ், மேல் மாடல். பேங்க் லோன் இன்னும் ஓடுது.

சென்டூரியன் கவிதா | 6:02
லோன் ஓடுதுன்னா காம்ப்ரிஹென்சிவாதான் இருக்கும், பேங்க் அதைக் கேட்காம விடாது. பாதிக் கவலை போச்சு அண்ணா. பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால சின்னதா கேமரா இருக்கா பாருங்க. அது ரொம்ப முக்கியம்.

பானல்பீட்டர் ரவி | 6:15
சூடு பட்டதும் ஓடிடுச்சு. குளிர்ந்த கண்ணாடி மேல திடீர்னு சூடு அடிச்சா ஒரு பக்கம் மட்டும் விரியும், இழுவை முழுக்க விரிசல் முனைக்குப் போகும். அதுவும் டிரைவர் பார்வைக்கு நேரா வந்தாச்சுன்னா ரிப்பேர் செய்யவே மாட்டோம், ரெசின் போட்டாலும் தழும்பு நிக்கும், எதிர் வண்டி வெளிச்சத்துல கண்ணு கூசும். மாத்தித்தான் ஆகணும்.
கவிதா சொன்ன கேமரா விஷயத்தை விடாதீங்க. கொரோலா கிராஸ் மேல் மாடல்ல லேன் மாறினா எச்சரிக்கிறது அந்தக் கேமராதான். கண்ணாடி மாத்தினா அதைத் திரும்ப காலிபிரேட் செய்யணும், அதாவது சரியாப் பாக்குதான்னு அளந்து சரிசெய்யணும். கொட்டேஷன்ல அதையும் சேர்த்திருக்காங்களான்னு கேளுங்க.

பழைய புரோக்கர் | 7:30
கம்பெனிக் கண்ணாடிதான் போடணும், டீலர்கிட்ட மட்டும்தான் விடணும். வெளியில போட்டா வாரண்டி போயிடும்.

பானல்பீட்டர் ரவி | 7:41
ஐயா, அது பழைய கதை. 2021 ஜூலை 1ல இருந்து, வியாபாரப் போட்டியைக் கண்காணிக்கிற காம்பெடிஷன் கமிஷனோட வழிகாட்டுதல் நடைமுறையில இருக்கு. வெளி ஒர்க்‌ஷாப்ல வேலை பாத்தாங்கிறதுக்காக மட்டும் மொத்த வாரண்டியையும் ரத்து பண்ண முடியாது. போட்ட பொருளாலயோ வேலையாலயோ ஏதாவது கெட்டுச்சுன்னா அது வேற விஷயம்.

பழைய புரோக்கர் | 7:55
வழிகாட்டுதல் காகிதத்துல இருக்கும் தம்பி. கவுண்டர்ல நின்னு பாருங்க.

பானல்பீட்டர் ரவி | 8:03
பதினோரு வருஷமா கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன் ஐயா. நல்ல கண்ணாடி, நல்ல பசை, கை தெரிஞ்ச ஆள், இது மூணும்தான் வேணும். விபத்துல ஏர்பேக் வெடிக்கும்போது முன்கண்ணாடிதான் அதைத் தாங்கி நிக்கும். பசை இறுகாம வண்டியை வெளியில விடுறவன் டீலரா இருந்தாலும் தப்புதான்.

மிட்ராண்ட் செல்வா | 8:10
டீலரோ வெளிக்கடையோ, என்3ல அத்தனை டோல் கட்டியும் நமக்குக் கல்தானே கிடைக்குது. வான் ரீனன்ஸ் கணவாய்ல ஏறும்போது லாரிக்குப் பின்னால ஒட்டிப் போறதை முதல்ல நிறுத்தணும்.

பீனிக்ஸ் தனா | 8:22
அங்க எப்படி இடைவெளி விடுறது தம்பி? விட்டா இன்னொருத்தன் உள்ள புகுந்துடுறான். ஈஸ்டர் கூட்டம் வேற.

சென்டூரியன் கவிதா | 8:40
எல்லாரும் கொஞ்சம் பொறுங்க, மணி அண்ணா கேட்டதுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல. போன வருஷம் எனக்கும் இதே நடந்துச்சு. அண்ணா, எந்தக் கடையிலயும் காசு கட்டிடாதீங்க. முதல்ல இன்ஷூரன்ஸுக்குப் போன் பண்ணுங்க. அவங்க அனுமதி இல்லாம மாத்திட்டு பில்லை அனுப்பினா திருப்பித் தர மறுக்கலாம், நான் அப்படிக் கட்டிட்டு மூணு மாசம் அலைஞ்சேன். கண்ணாடிக்கு எக்செஸ் எவ்வளவு, ரிப்பேருக்கும் அதே எக்செஸா, காலிபிரேஷன் உள்ள வருதா, இந்த கிளெய்மால நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததுக்குக் கிடைக்கிற சலுகை) போகுமா, இதை எல்லாம் எழுத்துல கேளுங்க. சில பாலிசியில கண்ணாடி கிளெய்மை அந்த போனஸ் கணக்குல எடுக்க மாட்டாங்க. சில வருஷம் கிளெய்ம் இல்லாம இருந்தா காசு திருப்பித் தர்ற பாலிசிகள்ல, சின்னக் கண்ணாடி கிளெய்ம் கூட அந்தக் காசை அடிச்சுட்டுப் போயிடலாம். அப்படின்னா கைக்காசு லாபமான்னு அப்புறம் கணக்குப் பாருங்க.

பழைய புரோக்கர் | 8:58
கவிதா சொன்னது சரி. ஒண்ணு சேர்த்துக்கோங்க. நியாயமில்லாம மறுத்தா முதல்ல கம்பெனிக்கே எழுத்துல புகார். அப்பவும் சரியாகலைன்னா நேஷனல் ஃபைனான்ஷியல் ஓம்பட், அதாவது இன்ஷூரன்ஸ், பேங்க் மேல வர்ற புகாரை விசாரிக்கிற அமைப்பு. 2024 மார்ச் 1ல இருந்து பழைய இன்ஷூரன்ஸ் ஓம்பட் அலுவலகம் அதுக்குள்ள சேர்ந்துடுச்சு. நமக்குச் செலவு கிடையாது.

பீனிக்ஸ் தனா | 9:10
பிராஸ்பெக்டன் டொயோட்டா ஃபேக்டரியில செஞ்ச வண்டி, இசிபிங்கோ கோயிலுக்குப் பக்கத்துலயே பிறந்தது. அம்மா பாத்துக்குவா மணி.

சென்டூரியன் கவிதா | புதன், மாலை 6:15
மணி அண்ணா, என்ன ஆச்சு? போன் பண்ணீங்களா?

லெனேசியா மணி | வெள்ளி, இரவு 8:20
எல்லாருக்கும் நன்றி. கண்ணாடிக்குத் தனி எக்செஸ், 1,000 ராண்ட். கடைக்காரர் ஆபீஸ் பார்க்கிங்குக்கே வந்து மாத்தினார். காலிபிரேஷனுக்கு மட்டும் ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொல்லி இன்னைக்குத்தான் முடிஞ்சுது, அதையும் இன்ஷூரன்ஸே ஏத்துக்கிச்சு. பழைய கண்ணாடியில ஒட்டியிருந்த வண்டி லைசென்ஸ் டிஸ்க் உரிக்கும்போது பாதி கிழிஞ்சுடுச்சு, திங்கள்கிழமை டூப்ளிகேட் எடுக்கணும். சின்னவ புதுக் கண்ணாடியில கை வெச்சுப் பாத்துட்டு, இப்ப கல் வராதாப்பான்னு கேட்டா.

மிட்ராண்ட் செல்வா | 8:31
நல்லது அண்ணா. நோ கிளெய்ம் போனஸ் பத்தி என்ன சொன்னாங்க?

மிட்ராண்ட் செல்வா | ஞாயிறு, காலை 10:02
மணி அண்ணா?